பிடியரிசிப் பானை

சோறு சமைக்க அளந்தெடுத்த அரிசியைக் களைவதற்கு முன்னர், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்படி மூலையில் இருக்கும் சிறு பானையில் இட்டு வைக்கும் வழக்கம் இலங்கைத் தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்து வந்தது. அதற்குப் பிடியரிசி என்று பெயர். சிங்கள மக்களின் வீடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. அவர்கள் அதனை ‘ஹால் மிட்ட’ என்பர். மொழி வேறாயினும் அடுப்படி அறிவு ஒன்றே என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

ஒரு பிடி அரிசியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கத் தோன்றும். கணக்குப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு பிடியில் ஏறக்குறைய 40 கிராம் அரிசி அடங்கும் எனக் கொள்ளலாம். இரு வேளை உலை வைக்கும் வீட்டில் அது நாளொன்றுக்கு 80 கிராம். முப்பது நாளில் 2,400 கிராம். ஓராண்டில் 29 கிலோவுக்கு மேல். ஐந்து பேர் வாழும் வீட்டில் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி செலவாகுமாயின், அந்தச் சிறு பானை அக்குடும்பத்துக்குப் பத்தொன்பது நாட் சோற்றை ஆண்டுதோறும் சேர்த்துக் கொடுக்கின்றது. இதற்காக ஒவ்வொருவரும் விட்டுக்கொடுப்பது எவ்வளவு? நாளொன்றுக்கு 16 கிராம் அரிசி. சோறாக்கினால் அது இரண்டு கவளத்துக்கு மேற்படாது.

இந்த எளிய வழக்கத்தினுள்ளே வீட்டுச் சிக்கனத்தின் மூன்று விதிகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, சேமிப்புக்குரியதை முதலிலேயே எடுத்துவிடுதல். உண்டபின் மிஞ்சினால் எடுத்து வைப்போம் என்று இருந்த வீட்டில் பானை நிறைந்ததில்லை. இரண்டாவது, அதனைப் பொதுவில் எடுத்தல். அரிசி உலையில் விழுமுன்னரே பிடி எடுக்கப்படுவதால், அந்தக் குறைவு தந்தைக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் பாட்டிக்கும் ஒன்றுபோலவே பங்காகின்றது. மூன்றாவது, ஒரு நோக்கத்தோடு எடுத்தல். பானையிலுள்ள அரிசி எதிர்பாராது வரும் விருந்தினருக்கும், உழைப்பில்லாத மழை நாளுக்கும், கோயிலுக்கும், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் உரியதாக இருந்தது. இம்மூன்று விதிகளுள் மக்கள் பெரிதும் மறந்து போனது இரண்டாவது விதியே. சிக்கனத்தைப் பற்றிய பேச்சிலே மிகுந்த கவனத்தோடு ஆராய வேண்டியதும் அதுவே.

சிக்கனம் வேறு, உலோபம் வேறு, பட்டினி வேறு. பயன் தராமற் போவதைத் தடுத்து நிறுத்துவது சிக்கனம். பயன் தரக்கூடியதையும் பூட்டி வைப்பது உலோபம். உடலுக்கு வேண்டியதையே குறைப்பது பட்டினி. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இம்மூன்றும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். மாத முடிவிற் கையில் மிஞ்சும் பணமும் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆயினும் ஐந்து ஆண்டுகளின் பின் அந்த வீடுகளைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சிக்கனமான வீடு உடல்நலத்தோடு தலைநிமிர்ந்து நிற்கும். உலோபியின் வீட்டிலே அன்பு வற்றியிருக்கும். பட்டினியாற் சேமித்த வீட்டில், சேமித்த பணம் மருந்துக் கடைக்குப் போயிருக்கும்.

இலங்கை மக்களுக்குப் பற்றாக்குறை புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்று போயிற்று. கூப்பன் முறையும் கோதுமை மாவும் அக்காலத்திலேயே வீடுகளுக்குள் நிலைபெற்றன. 1953 ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் மக்கள் பாணுக்கும் மாவுக்கும் விடியுமுன் வரிசையில் நின்றனர். மரவள்ளிக் கிழங்கு பல வீடுகளில் ஒரு வேளைச் சோற்றின் இடத்தைப் பிடித்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் 1990 ஆம் ஆண்டின் பின் கண்ட பற்றாக்குறை இவற்றிலும் கடியது. மின்சாரம் அற்றுப் போயிற்று. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி முதலியவை வருவது தடைப்பட்டது. வந்த சிறிதளவும் எட்டாத விலைக்கு விற்கப்பட்டது. அந்த இருளிலே பிறந்ததுதான் சிக்கன விளக்கு. ஜாம் போத்தல் ஒன்றின் அடியிற் சிறிது பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, துவிச்சக்கர வண்டி ரியூப்பின் வால்விலே மெல்லிய திரியைச் செருகி, சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியுமாறு அமைத்தனர். காற்று அதனை அணைக்காது, எண்ணெயும் சிந்தாது. அந்தச் சுடரின் அருகே கொப்பியை விரித்துப் படித்துப் பரீட்சையில் தேறியவர்கள் பலர். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழக் களியால் உடுப்புத் துவைத்தனர். வானொலிச் செய்தி கேட்பதற்கென்று துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் எழுந்த மின்சாரத்திலே மற்றவர்கள் செய்தி கேட்டனர்.

இவையெல்லாம் வேறு வழியின்றிக் கைக்கொண்ட சிக்கனங்கள். அவற்றிலே அறிவும் பொறுமையும் இருந்தன. ஆயின் அக்காலம் மீண்டும் வரவேண்டுமென்று எவரும் விரும்பார். மின்சாரம் திரும்பி வந்ததும் ஜாம் போத்தல்கள் குப்பைக்குப் போயின; அது இயல்பே. வருந்தத்தக்கது யாதெனில், போத்தலோடு சேர்த்து, அளந்து பயன்படுத்தும் பழக்கத்தையும் பல வீடுகள் எறிந்துவிட்டமையாகும்.

மீண்டும் 2022 ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஏப்பிரில் மாதத்தில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. 2021 ஒக்டோபரின் தொடக்கத்திற் கொழும்பில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்பிரில் முடிவதற்குள் 4,860 ரூபாவாயிற்று. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் பார்க்க 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. 100 ரூபாவுக்கு வாங்கிய உணவை வாங்க ஏறக்குறைய 195 ரூபா வேண்டியதாயிற்று. அந்த ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் செய்த மதிப்பீட்டின்படி, நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவுக்கு உறுதியில்லாத நிலையில் இருந்தனர்.

அந்நாட்களிற் குடும்பங்கள் செலவைக் குறைத்தன. ஆனால் எங்கே குறைத்தன என்பதே கேள்வி. ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். இரவு பிள்ளைகள் உண்கின்றனர், கணவர் உண்கின்றார், பாட்டிக்குக் கஞ்சி கொடுக்கப்படுகின்றது. கடைசியில் அமர்பவள் தாய். சட்டியின் அடியில் உள்ளதே அவள் பங்கு. “நீங்கள் சாப்பிடேல்லையோ அம்மா?” என்று மகள் கேட்டால், “எனக்குப் பசியில்லைப் பிள்ளை” என்ற விடை ஆயத்தமாக இருக்கின்றது. அந்த விடையைக் கேளாத தமிழ் வீடு அரிது. மாத முடிவில் அவ்வீட்டிற் சிறிது பணம் மிஞ்சும். அயலார் அவளைச் சிக்கனக்காரி என்று புகழ்வர். உண்மையில் அந்த வீடு சிக்கனமாக இருக்கவில்லை. ஒருத்தி பட்டினி கிடந்திருக்கிறாள். மறுநாட் காலையிலே அதே வீட்டின் திண்ணையில் மின்குமிழ் வீணே எரிந்துகொண்டிருக்கும். நேற்றைய பாண் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போகும். அடுப்பின்மேல் மூடியற்ற பானை கொதித்து ஆவியைக் கூரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். குறைக்க வேண்டிய இடத்திலே குறையாது, குறைக்கக்கூடாத இடத்திலே குறைத்த கணக்கு அது.

பிடியரிசியின் இரண்டாவது விதி இங்கேதான் பயன்படுகின்றது. சேமிப்பு அரிசி மூட்டையிலிருந்து வரவேண்டுமேயன்றித் தாயின் தட்டிலிருந்து வரக்கூடாது. இதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. நாளுக்கு ஒரு வேளையாவது குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுதல் வேண்டும். சட்டி நடுவில் இருந்து, எல்லோரும் பார்க்கப் பரிமாறப்படுமாயின், எவருடைய பங்கு குறைகின்றது என்பது மறைந்திராது.

அப்படியானால் வீணாவதை எங்கே தேடுவது? முதலிலே அடுப்பில் தேடலாம். நீர் கொதிக்கத் தொடங்கியபின், தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் வெப்பம் ஏறாது. ஆவி மட்டுமே மிகுதியாகப் போகும். ஆகவே கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பானையை மூடிவிடுதல் வேண்டும். கடலை, கௌபி, பயறு ஆகியவற்றை முதல்நாள் இரவே ஊறவைத்தால் அவை விரைவில் அவியும். ஈர விறகு தன் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தன்னை உலர்த்துவதிலேயே செலவிடுகின்றது. மாரிக்கு முன்னரே விறகை வெட்டி உலர்த்திக் கூரையின் கீழ் அடுக்கிய பழைய மக்கள் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். பனைமட்டையும் பன்னாடையும் ஊமலும் தென்னம் பாளையும் வளவிற் கிடக்கும் வீட்டில், தண்ணீர் சுடவைப்பதற்கு எரிவாயு எரிப்பது பொருந்தாது.

அடுத்தது உணவு. மலிவாக உண்பதும் குறைவாக உண்பதும் ஒன்றல்ல. பாணையும் சீனித் தேநீரையும் கொண்டு வயிற்றை நிரப்புவது மலிவாகத் தோன்றும். அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், முருங்கையிலை வறையும், சிறிது நெத்தலிக் கருவாடும் உடலுக்குத் தரும் வலிமையை அவை தரமாட்டா. முற்றத்தில் ஒரு முருங்கை, கிணற்றடியில் இரண்டு வாழை, வேலியோரம் பசளிக்கொடி, பழைய வாளி ஒன்றில் நான்கு மிளகாய்க் கன்று என்பன இருக்கும் வீடு, மரக்கறிக் கடைக்குப் போகும் நாட்களைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். வாழையொன்றே பூவும் காயும் பழமும் தண்டும் இலையும் தருகின்றது. மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் மோரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்ந்து பழஞ்சோற்றுக் கஞ்சியாகும். வடித்த கஞ்சி உப்பிட்டுக் குடிக்கவும் உடுப்புக்குப் பசையிடவும் உதவும்.

மலிந்த காலத்தில் வாங்கி அரிதான காலத்துக்கு வைப்பது முன்னோரின் மற்றொரு கலை. வேப்பம்பூ வடகமும், மோர்மிளகாயும், பாகற்காய் வற்றலும், எலுமிச்சை ஊறுகாயும் சுவைக்காக மட்டும் தோன்றியவையல்ல. காய்கறி கிடைக்காத நாட்களுக்கான காப்புறுதிகள் அவை. பனங்காய்க் காலத்திற் களியைப் பாயிலே ஊற்றிக் காயவைத்துப் பனாட்டாக்கினர். விதையைப் பாத்தியில் இட்டுக் கிழங்காக்கினர். கிழங்கைப் பிளந்து உலர்த்தி ஒடியலாக்கினர். அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாக்கினர். ஒரே பழம் ஆண்டு முழுவதற்கும் உணவாயிற்று.

மின்சாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 60 உவாட் பழைய மின்குமிழ் ஒன்று நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு செலவாகும். ஏறத்தாழ அதேயளவு ஒளி தரும் 9 உவாட் எல்.ஈ.டி. மின்குமிழுக்கு ஒன்றரை அலகும் ஆகாது. நான்கு குமிழ்களை மாற்றினால் மாதம் 30 அலகு மிஞ்சும். வீட்டு மின்கட்டணம் அலகு கூடக்கூட ஏறும் படிமுறையில் விதிக்கப்படுவதால், குறையும் அலகுகள் மேற்படியிலுள்ள விலையுயர்ந்த அலகுகளே என்பதை மறக்கலாகாது. நீரும் அவ்வாறே. விநாடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் குழாய் ஒரு நாளில் நான்கு லீற்றருக்கு மேல் வீணாக்கும். குழாயின் வாசரை மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது. மாற்றாமல் விடுவதன் செலவு நாள்தோறும் வளர்வது.

பாடசாலைப் பிள்ளைகளையும் இதிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இலங்கையில் 1945 ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வியும் 1980 ஆம் ஆண்டு முதல் இலவசப் பாடநூலும் வழங்கப்பட்டு வருகின்றன. எனினும் இலவசம் என்பது விலையற்றது என்று பொருள்படாது. உறையிட்டுப் பேணிய புத்தகம் அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளையின் கைக்குப் போகும். ஆண்டு முடிவிற் கொப்பிகளில் எஞ்சிய வெற்றுத் தாள்களைக் கழற்றித் தைத்தால், கணக்குச் செய்து பார்க்க ஒரு புதுக் கொப்பி கிடைக்கும். இதனைத் தாய் செய்து கொடுப்பதிலும் பிள்ளையே செய்வது நன்று. தானே தைத்த கொப்பியின் தாளைப் பிள்ளை எளிதிற் கிழிக்காது.

இவை யாவற்றுக்கும் அடிப்படை கணக்கு எழுதுதல். வருவாய் எனும் வாய்க்கால் சிறிதாயிருப்பினும் செலவு எனும் வாய்க்கால் அகன்றுவிடாதிருந்தால் தீங்கில்லை என்னும் கருத்தை வள்ளுவர் கூறிச் சென்றார். ஆனால் செலவு வாய்க்காலின் அகலத்தை அளக்காதவருக்கு அது அகன்றுவிட்டது என்பது எவ்வாறு தெரியும்? ஒரு சிறு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். ஒரு மாதம் முழுவதும், ஐந்து ரூபா முதற்கொண்டு, செலவு அனைத்தையும் எழுதல் வேண்டும். வெற்றிலை, சிகரெட், கடைத் தேநீர், கைத்தொலைபேசிக்குப் போடும் பணம் யாவும் அதில் வரவேண்டும். குடும்பத் தலைவரின் செலவு கணக்குக்கு வெளியே நிற்குமாயின் அது கணக்கன்று. மாத முடிவில், வேண்டியவை, வேண்டாதவை, தவணை போடக்கூடியவை என்று மூன்றாகப் பிரித்தால், வேண்டாதவற்றில் நாளொன்றுக்கு 100 ரூபாவேனும் பல வீடுகளில் வெளிப்படும். அது ஆண்டுக்கு 36,500 ரூபா.

வெளிப்பட்ட பணத்துக்கு ஓர் இடம் வேண்டும். இல்லையேல் அது வேறொரு துளை வழியாக ஒழுகிவிடும். இலங்கையிற் சேமிப்பு வங்கி 1832 ஆம் ஆண்டிலும் தபாலகச் சேமிப்பு வங்கி 1885 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. 1971 ஆம் ஆண்டின் சட்டத்தால் அவை ஒன்றிணைக்கப்பட்டுத் தேசிய சேமிப்பு வங்கி உருவாயிற்று. 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் வழியே கிராமங்களிற் கடன் சங்கங்கள் வளர்ந்தன. அவ்வழியில் வந்தவற்றுக்குச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என்று பெயர். அப்பெயரில் முதலில் நிற்பது சிக்கனம். அதன் பின்னரே கடன். இம்முறையைத் தலைகீழாக்கியவர்கள் பட்ட துன்பத்தை வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பிந்திய ஆண்டுகள் காட்டின. வீட்டு வாயிலுக்கே வந்து கொடுக்கப்பட்ட நுண்கடனை வாங்கி, அதனை அடைக்க மற்றொரு கடன் பெற்று, கிழமைதோறும் பணம் கட்ட இயலாது கலங்கிய பெண்கள் பலர். 2018 ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அவசர வேளைக்கென்று 10,000 ரூபா முன்னரே ஒதுக்கி வைத்திருக்கும் வீடு, சிறு காய்ச்சலுக்கோ பாடசாலைச் சப்பாத்துக்கோ அந்த வாயிலிற் போய் நிற்க வேண்டியதில்லை.

எனினும் பணமாக மட்டும் சேமிப்பது போதாது என்பதையும் 2022 ஆம் ஆண்டு கற்பித்தது. விலைகள் ஒரே ஆண்டில் பெருமளவு உயர்ந்தபோது, வங்கியில் இருந்த ரூபாவின் எண்ணிக்கை குறையவில்லை. அதனால் வாங்கக்கூடிய பொருள் குறைந்தது. பிடியரிசிப் பானையில் இருந்த அரிசியோ அரிசியாகவே இருந்தது. ஆகவே சேமிப்பின் ஒரு பகுதி வங்கியிலும், ஒரு பகுதி அரிசிப் பெட்டியிலும், ஒரு பகுதி வளவில் நிற்கும் மரங்களிலும், ஒரு பகுதி பிள்ளைகளின் கல்வியிலும் கைத்தொழிலிலும் இருத்தல் நன்று.

சிக்கனம் செல்லக்கூடாத இடங்களும் உண்டு. கருவுற்ற பெண்ணின் உணவு, வளரும் பிள்ளையின் உணவு, நோயாளியின் மருந்து, முதியவரின் கண்ணாடி, படிக்கும் பிள்ளையின் விளக்கு ஆகியவற்றிற் கை வைத்துச் சேமிப்பது, விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும். அவ்வாறு மிஞ்சிய பணம் ஒரு நாள் இரட்டிப்பாகத் திரும்பிப் போகும்.

1924 ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு, ஒக்டோபர் 31 ஆம் நாளை உலக சிக்கன தினமாக வகுத்தது. ஆண்டில் ஒரு நாள் நினைவூட்டுவது நல்லதே. ஆனால் அடுப்பு நாள்தோறும் எரிகின்றது. அரிசியும் நாள்தோறும் அளக்கப்படுகின்றது. நாளை காலை உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி வேறு பானைக்குப் போகட்டும். அந்தப் பிடியைக் கணவரோ பிள்ளைகளோ எடுத்து இட்டால் இன்னும் சிறப்பு. இது தன் வீட்டாரின் பொதுப் பானை என்பதை அவர்கள் அறிவர். பின்னர் சோறு வெந்து சட்டி இறங்கும்போது, அனைவரும் ஒன்றாக அமரட்டும், தாயும் அமரட்டும். அவளுடைய தட்டும் நிறைந்திருக்கும் வீட்டிலேதான், அந்த மூலையிலிருக்கும் பானை நிறைவது பெருமைக்குரியது.